முற்றத்தில் கோல்ஃப்: ஸ்விங்கைச் செல்போனில் பிடித்துத் திருத்துவது எப்படி?

ஜூன் பிறந்துவிட்டால் மூணாறில் கோல்ஃப் கிளப்பை, அதாவது பந்தடிக்கும் மட்டையை, உறைக்குள் போட்டு மூலையில் சாத்திவிட வேண்டியதுதான். தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தகரக் கூரையில் சத்தம் ஓயாது. புல் ஊறிப்போய் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். பந்து அடித்துப் பழகத் தனி ரேஞ்ச் வேண்டுமென்றால் மறையூர், சின்னாறு, உடுமலை என்று மலையிறங்கி கோயமுத்தூர் செட்டிபாளையம் வரை போக வேண்டும். போகவர ஒரு நாள் கரைந்துவிடும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் விதத்தை, திருத்துவது முற்றத்திலும் திண்ணையிலும்தான்.

ஹை ரேஞ்ச் கிளப்பிலும் குண்டளையிலும் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் வழியாக வந்த கோல்ஃப் மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. என் அப்பா மேனேஜர்மாருக்குப் பை தூக்கிய கேடி. பை தூக்கினவர்கள் ஆடக் கற்றுக்கொண்டது நம் நாட்டில் புதுசு இல்லை. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்து வந்தவர்தான். அந்தப் பட்டத்தை எடுத்த முதல் இந்திய புரொஃபஷனலும் அவரே. அப்பாவிடம் ஒரே ஒரு 7 அயர்ன் இருந்தது, நடுத்தர தூரத்துக்கு அடிக்கும் இரும்புத்தலை கிளப். பிடியில் ரப்பர் தேய்ந்து சணல் சுற்றியது. அதில்தான் நானும் தொடங்கினேன், இப்போது அக்கா மகனும் அதில்தான் தொடங்கியிருக்கிறான். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அந்த ஒரு கிளப் போதும். முழு செட்டுக்குப் பணம் சேர்க்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வலக்கைக்காரர்களுக்கு எழுதுகிறேன். இடக்கைக்காரர்கள் வலது, இடதை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சொல்லும் பொய்

போன மழைக்கு மருமகனை முற்றத்தில் நிறுத்தி, "பின்னால எடுக்கும்போது இடது கையை மடக்காத" என்றேன். பத்து தடவை வீசினான். "இப்ப மடங்கவே இல்ல மாமா" என்றான். போனில் எடுத்ததைக் காட்டினேன். கிளப் பின்னால் ஏறி நிற்கும் உச்சியில் இடது முழங்கை, குடத்தை இடுப்பில் வைத்தவர் கைபோல மடங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது நான் இல்ல மாமா, இது பழைய வீடியோ" என்றான். சட்டையைப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் உடம்புக்குக் கை நீட்டினாற்போலத்தான் இருந்தது. நாம் செய்வதாக உணர்வது ஒன்று, உண்மையில் நடப்பது இன்னொன்று. மைதானத்தில் இது தெரியாது. பந்து போன திசையைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம், அடுத்த பந்துக்குக் காரணம் மாறிவிடும். வீட்டில் பந்து இல்லாமல், ஒரு போனை மட்டும் சாட்சியாக வைத்துப் பழகினால் காரணம் தேடி அலைய வேண்டாம், படத்திலேயே இருக்கும். ஆனால் அந்தச் சாட்சியிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

இடம், பந்து, கம்பளி

முதலில் தலைக்கு மேல் பாருங்கள். லயத்து வீடுகளில் கூரை தாழ்வு. கிளப்பை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, மேலும் பின்னும் பக்கத்திலும் ஒரு முழமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேகமாக வீச வேண்டும். நான் பார்க்காமல் வீசி ஒரு டியூப் லைட்டை இறக்கியிருக்கிறேன். கண்ணாடித் தூள் பாய்க்குள்ளிருந்து ஒரு வாரம் வந்துகொண்டிருந்தது. இடம் பத்தாது என்றால் நீளக் காம்புள்ள குடையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் குடை இல்லாத வீடு ஏது? மடக்கிக் கட்டிய குடை, உடம்பு திரும்புவதையும் தாளத்தையும் பழக நன்றாகவே உதவும். கிளப்பின் எடை தெரியாது, அவ்வளவுதான்.

அசல் கோல்ஃப் பந்து 45.93 கிராம் வரை இருக்கும். கல் மாதிரி. வீட்டோரம் அதை முழு வேகத்தில் அடிக்காதீர்கள். ஸ்பாஞ்ச் பந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து, பழைய காலுறையைச் சுருட்டித் தைத்த உருண்டை, இவற்றில் எது கிடைத்தாலும் சரி. எதிரே தடுப்புக்கு மீன்வலை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இழுத்துக் கட்டிய வலை பந்தை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும், தளர்ந்த வலையின் கண்ணுக்குள் பந்து புகுந்துபோகும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் வீட்டில் கிழிந்த கம்பளி ஒன்று நிச்சயம் கிடக்கும். அதைக் கொடிக்கயிற்றில் தளர்வாகத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு மீட்டர் சும்மா இடம் விடுங்கள். பந்து அதில் பட்டதும் உயிரில்லாமல் காலடியில் விழும். குழந்தைகளும் நாயும் கம்பளிக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

நிற்பதற்கு மண் தரை நல்லது. சிமெண்டுத் தரைதான் இருக்கிறது என்றால் கயிற்று மிதியடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் பந்தை வையுங்கள். ஒற்றை மிதியடியில் ஓங்கி அடித்தால் அன்று தெரியாது, மறுநாள் முழங்கை சொல்லும்.

போனை எங்கே வைப்பது

இதில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். இரண்டு இடம் உண்டு.

ஒன்று, பின்னாலிருந்து. பந்து போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே, உங்களுக்கு வலப்பக்கமாக மூன்று நான்கு மீட்டர் தள்ளி போன் நிற்க வேண்டும். பந்துக்கு நேராக வைக்காதீர்கள், கிளப்பைப் பிடித்து நிற்கும் கைகளுக்கு நேராக வையுங்கள். உயரமும் அந்தக் கை உயரமே. இரண்டாவது, முன்னாலிருந்து. உங்கள் நெஞ்சுக்கு நேர் எதிரே, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழான உயரத்தில். தலையும் காலும் கிளப்பின் முழு வட்டமும் சட்டத்துக்குள் வர வேண்டும்.

போன் நின்ற இடத்தில் ஒரு செங்கல்லைப் புதைத்து வையுங்கள். அடுத்த வாரமும் அதே கல், அதே உயரம். போன் ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டுவது போலத் தெரியும், அந்தப் பக்கம் நகர்ந்தால் உள்ளிருந்து வெளியே போவது போலத் தெரியும். ஸ்விங் மாறியிருக்காது, பார்த்த கண் மாறியிருக்கும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டேன்.

முக்காலி வாங்க வேண்டியதில்லை. டம்ளரில் அரிசி நிரப்பிப் போனைச் சொருகி ஸ்டூலில் வைக்கலாம், ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டலாம். பின்பக்கக் கேமராவிலேயே எடுங்கள். செல்ஃபி கேமரா சில போன்களில் வலது இடதை மாற்றிக் காட்டும், பிறகு யார் சொன்ன திருத்தமும் தலைகீழாகிவிடும். அகலமாகக் காட்டும் லென்ஸும் வேண்டாம். ஓரத்தில் இருக்கும் கிளப்பை அது வளைத்து நீட்டிவிடும்.

ஸ்லோ மோஷன் ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிக தூரம் அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவரைச் சுமாராக வீசுகிற ஒருவரின் கிளப் தலை, பந்தைத் தொடும்போது மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதாவது நொடிக்கு 40 மீட்டர். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிளப் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் பறந்துவிடும், அடித்த கணமே படத்தில் இருக்காது. 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் அந்த இடைவெளி 17 சென்டிமீட்டராகச் சுருங்கும். 7 அயர்னுக்கு வேகம் இன்னும் குறைவு. உங்கள் போனில் 120தான் இருக்கிறது, 60தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. நிற்பதும், பின்னால் எடுப்பதும், உச்சியும் அதிலேயே தெளிவாகத் தெரியும். புதியவர்களின் தப்பில் முக்கால்வாசி அங்கேதான்.

எடுத்த வீடியோவைப் பார்த்து மிரளாமலிருக்க இரண்டு விஷயம். வீட்டுக்குள் டியூப் லைட்டில் எடுத்தால் படம் பட்டை பட்டையாக மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிர்கிறது, ஸ்லோ மோஷன் அதைப் பிடித்துவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று, கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து தெரியும். போன் கேமரா படத்தை மொத்தமாக எடுப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் தண்டு நகர்ந்துவிடும். உங்கள் கிளப் வளையவில்லை, நம்புங்கள்.

முதல் நாள் எதையும் திருத்தாதீர்கள்

பின்னாலிருந்து மூன்று, முன்னாலிருந்து மூன்று. தேதி போட்டுச் சேமியுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். இதை ஒருபோதும் அழிக்கக் கூடாது. ஆறு மாதம் கழித்து 'ஒண்ணும் முன்னேறல' என்று சோர்ந்துபோகும் ஒரு நாள் வரும், அன்றைக்குத் தேவைப்படும்.

மறுநாள் உட்கார்ந்து, வீடியோவை விரலால் நகர்த்தி ஆறு இடங்களில் நிறுத்திப் பாருங்கள். நிற்கும் நிலை. பின்னால் போகும்போது தண்டு தரைக்கு இணையாக வரும் கணம். உச்சி. இறங்கும்போது கைகள் இடுப்புக்கு வரும் கணம். பந்தைத் தொடும் கணம். முடிவு. அனுபவம் இல்லாத கண் நேராக ஐந்தாவதுக்குத் தாவும். நீங்கள் முதல் இரண்டிலேயே தங்குங்கள். முதல் இரண்டு கோணலாக இருந்தால் பின்னால் வருவதெல்லாம் அந்தக் கோணலைச் சமாளிக்க உடம்பு போடும் வித்தைதான். சமாளிப்பைத் திருத்தப் போனால் இருக்கிற அடியும் போய்விடும்.

நிற்கும் நிலையில் பார்க்க வேண்டியது: இடுப்பிலிருந்து குனிந்திருக்கிறீர்களா, முதுகைக் கூனி குனிந்திருக்கிறீர்களா? கைகள் தோளிலிருந்து தளர்ந்து தொங்குகின்றனவா, எட்டிப் பிடிக்கின்றனவா? பாதம், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே திசைக்கு இணையாக இருக்கின்றனவா? தேயிலைச் செடியின் தலையில் கம்பைக் குறுக்கே போட்டு மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஒரு நேரான மூங்கில் குச்சியைக் கால்விரல்களுக்கு முன்னால் கிடத்தி அதை வைத்து நில்லுங்கள். பழகும்போதெல்லாம் அந்தக் குச்சி கிடக்கட்டும். எடுத்துவிட்டால் ஒரே வாரத்தில் இடப்பக்கம் திரும்பி நிற்கத் தொடங்கிவிடுவீர்கள். நானே இன்னும் அப்படித்தான்.

இரண்டாவது படத்தில், தண்டு தரைக்கு இணையாக இருக்கும்போது கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கம், எங்கே பார்க்கிறது? குனிந்த முதுகின் சாய்வோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் நல்லது. வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தால் மணிக்கட்டைச் சுருட்டிவிட்டீர்கள்.

பிடியைக் கையுறையிடம் கேளுங்கள்

கிளப்பின் முகம் கோணுவதற்கு முதல் காரணம் பிடி. பிடியைப் பழக இடமே வேண்டாம், டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவை பிடித்துப் பிடித்து விடலாம். இடது கையில் கிளப் விரல்களின் அடியில் கிடக்க வேண்டும், உள்ளங்கைக் குழியில் அல்ல. பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு முட்டிகளாவது, சிலருக்கு இரண்டரை, கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் கோடு, வலது தோள் பக்கம் காட்ட வேண்டும்.

கையுறை போடுபவர் என்றால் அதைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையின் அடிமேட்டில், சுண்டுவிரல் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால் கிளப் உள்ளங்கையில் கிடந்து ஒவ்வொரு அடிக்கும் உரசுகிறது என்று அர்த்தம். அப்பா முதலில் பார்ப்பது கையுறையைத்தான். ஸ்விங்கைப் பார்க்காமலே, "கைக்குள்ள வச்சு ஆடுறீங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவார்.

கோலப்பொடிக் கோடு

வீட்டுப் பயிற்சி எதையாவது ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மழை விட்டு, மண் ஈரமாக ஆனால் சேறாகாமல் இருக்கும் நேரம் பார்த்து முற்றத்தில் கோலப்பொடியால், பந்து போகும் திசைக்குக் குறுக்காக, ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். (எங்கள் அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "கோலம் போட ஆம்பளப் புள்ள வந்துட்டானா, புள்ளியும் வையி" என்றார்.) கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். பந்து வேண்டாம். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து 7 அயர்னை அரை வேகத்தில் வீசி மண்ணை லேசாகச் சீவுங்கள். பிறகு குனிந்து தழும்பைப் பாருங்கள். மண் எங்கே பெயரத் தொடங்கியிருக்கிறது?

கோட்டிலோ, கோட்டுக்கு இடப்பக்கம், அதாவது பந்து போகும் பக்கத்திலோ தொடங்கினால் நல்ல அடி. அயர்ன் முதலில் பந்தைத் தொட்டு, அதன் பிறகுதான் மண்ணைத் தொட வேண்டும். தழும்பு கோட்டுக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளித் தொடங்கினால், மைதானத்தில் அது பந்தைத் தொடும் முன்பே மண்ணை வெட்டும் அடி, ஃபேட். பந்து பத்தடி உருளும், கை விறைக்கும். மண்ணே பெயரவில்லை என்றால் பந்தின் தலையில் தட்டியிருப்பீர்கள், அது டாப்.

கோட்டின் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சாண் நகர்ந்து போங்கள். கோட்டின் மறுமுனைக்குப் போவதற்குள் உங்கள் ஸ்விங்கின் கையெழுத்து மண்ணில் விழுந்திருக்கும். எல்லாம் ஒரே இடத்தில் பின்னால் விழுந்தால் அது ஒரு நோய். ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று சிதறினால் வேறு நோய். முதலாவது பெரும்பாலும் எடை வலது காலிலேயே தங்கிவிடுவதால் வருவது. முன்பக்க வீடியோவை நிறுத்திப் பாருங்கள், தொடும் கணத்தில் பெல்ட் பக்கிள் பந்தைத் தாண்டி இடப்பக்கம் வந்திருக்கிறதா என்று. வரவில்லை என்றால், வலது குதிகாலை முதலிலேயே தூக்கி, எடையை இடது காலில் போட்டுக்கொண்டு அரை வீச்சு வீசிப் பழகுங்கள். மருமகனின் தழும்பு மூன்றே நாளில் கோட்டைத் தாண்டியது. எனக்கு மூன்று வாரம் ஆனது.

தழும்பு சிதறுவது அநேகமாக உடம்பு எழுந்துவிடுவதால். இதற்குச் சுவர் போதும். பின்பக்கம் சுவரைத் தொடும்படி, கிளப் இல்லாமல், கைகளை நெஞ்சில் கட்டிக் குனிந்து நில்லுங்கள். பின்னால் திரும்பும்போது வலது பிட்டம் சுவரில் அழுந்தும். முன்னால் திரும்பும்போது இடது பிட்டம் அழுந்த வேண்டும். இடுப்பு சுவரை விட்டு விலகிப் பந்துப் பக்கம் போனால் தலை தூக்குகிறது, கிளப்புக்கு இடமில்லாமல் போகிறது. "தலையைத் தூக்காதே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தூக்குவது தலை இல்லை, இடுப்பு.

ஸ்லைஸ் என்னும் வலப்பக்க வியாதி

பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வாழைப்பழம் போல வளைகிறதா? புதியவர்கள் பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு இதுதான். காரணம் புரிந்தால் பாதி குணம். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது என்பதே. எந்தப் பக்கம் வளைகிறது என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் நகரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். பாதைக்கு வலப்பக்கமாக முகம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும்.

பந்து வலப்பக்கம் போகிறதே என்று மனுஷன் என்ன செய்வான்? இடப்பக்கம் திரும்பி நிற்பான், கிளப்பை இடப்பக்கம் இழுப்பான். பாதை இன்னும் இடதாகும், முகத்துக்கும் பாதைக்கும் வித்தியாசம் கூடும், வளைவு இன்னும் பெரிதாகும். இன்னும் இடப்பக்கம் திரும்புவான்.

பின்பக்க வீடியோவில் நாலாவது படத்தைப் பாருங்கள். இறங்கத் தொடங்கும்போது வலது தோள் பந்துப் பக்கம் முண்டிக்கொண்டு வருகிறதா? கிளப் தலை கைகளைத் தாண்டி வெளியே விழுகிறதா? அப்படியென்றால் பாதை வெட்டுப்பாதை. ஆனாலும் முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். முகம் மூட, அதாவது இடப்பக்கம் திரும்ப, பழகினால் பந்து இடப்பக்கம் போகத் தொடங்கும், அதைப் பார்த்து உடம்பே பாதையைத் திருத்திக்கொள்ளும். பிறகும் மீதி இருந்தால் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில். பந்துக்கு ஒரு சாண் பின்னால், பந்துக்கு அந்தப் பக்கமாக நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். வெளியிலிருந்து வெட்டி வரும் கிளப் பாட்டிலைத் தட்டும், உள்ளிருந்து வரும் கிளப் தட்டாது. முதலில் நத்தை வேகத்தில் வீசுங்கள். உச்சியில் ஒரு கணம் நின்று, முதுகை இன்னும் இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு கைகளைக் கீழே விடுங்கள். இப்படிச் செய்வது மிகைப்படுத்துவது போலத்தான் இருக்கும். மிகைப்படுத்த வேண்டும். ஒரு அடி மாற்றியதாக உணர்ந்தால் வீடியோவில் ஒரு விரற்கடைதான் மாறியிருக்கும்.

தகிட

நல்ல ஆட்டக்காரர்களின் ஸ்விங் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. பின்னால் எடுக்க மூன்று பங்கு நேரம், இறங்கி அடிக்க ஒரு பங்கு. வீடியோவில் எண்ணிப் பார்க்கலாம். நொடிக்கு 30 படக் கணக்கில், எடுக்க 24 படம் என்றால் அடிக்க 8. புதியவர்கள் பெரும்பாலும் ஆமைபோல எடுத்துவிட்டு, உச்சியிலிருந்து பயந்தவர்போல வெடுக்கென்று இழுப்பார்கள். வாயால் 'த–கி–ட' சொல்லுங்கள். மூன்று எழுத்தும் சமமாக. சொல்லி முடியும்போது கிளப் உச்சியில், அதே கால அளவில் இன்னும் ஓர் எழுத்து போகும்போது அடி. குடையை வைத்துக்கொண்டு திண்ணையில் இதைச் செய்தால் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பழகிப்போகும்.

வாரத்துக்கு ஒரு கேள்வி

வாரத்தில் நான்கு நாள், இருபது நிமிடம். ஐந்து தடவை மெதுவாக, பந்தில்லாமல். ஆறாவது தடவை ஸ்பாஞ்ச் பந்தோடு, வீடியோவோடு. உடனே பாருங்கள், ஆனால் இந்த வாரக் கேள்வியை மட்டும் பாருங்கள். இந்த வாரம் இடது முழங்கை என்றால், கால் கோணலாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அதற்கு இன்னொரு வாரம் இருக்கிறது. நோட்டில் ஒரு வரி: தேதி, கேள்வி, ஆமா, இல்லை. வீடியோ முப்பதைப் பார்த்து முப்பது தப்பையும் ஒரே நாளில் திருத்தப் புறப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போது அவர்கள் ஷட்டில் ஆடுகிறார்கள்.

டிவியில் வரும் பெரிய ஆட்டக்காரரோடு உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். அவர் உடம்பு வேறு, உங்கள் இடுப்பு வேறு. அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்திருக்கிறீர்களா? கிளப் உச்சியில் ஒரு வளையம் போட்டு, வேறு வழியாக இறங்கும். வாத்தியார் யாரும் அப்படிச் சொல்லித்தர மாட்டார். அந்த ஸ்விங்கை வைத்துத்தான் 2016இல் அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் பதினெட்டுக் குழிச் சுற்று ஒன்றை 58 அடியில் முடித்தார். அந்த டூரில் அதற்கு முன் யாரும் அவ்வளவு குறைவாக அடித்ததில்லை. மேலே எப்படிப் போனாலும், பந்தைத் தொடும் கணத்தில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருக்கிறார்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரிப்பின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து எட்டடியிலிருந்து அதன்மேல் பந்தை ஓட்டுங்கள். குழி 108 மில்லிமீட்டர். காசில் பழகின கண்ணுக்கு அது கிணறு மாதிரி தெரியும்.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகும் ஒரே தப்பு நகராமல் நின்றால் கோச் ஒருவருக்கு வீடியோ அனுப்புங்கள். ஒரே நாளில் எடுத்த இரண்டு கோணம், எந்த கிளப், மைதானத்தில் பந்து எப்படிப் போகிறது, எங்கேயாவது வலி உண்டா, இவ்வளவும் எழுதுங்கள். உங்களின் சிறந்த அடியை அனுப்பாதீர்கள், வழக்கமான அடியை அனுப்புங்கள். வைத்தியரிடம் போகும்போது முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போய் என்ன பயன்? ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து பதில் வரும், ஐந்துமே சரியாகவும் இருக்கும்.

செப்டம்பரில் வானம் வெளுத்து, தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி மைதானத்தில் இறங்கும் நாளில் முதல் பத்துப் பந்துக்குப் போனைப் பையிலேயே வையுங்கள். முற்றத்தில் கற்றது உடனே வராது, பந்தைக் கண்டதும் உடம்பு பழைய வழிக்கு ஓடும். 'த–கி–ட' மட்டும் மனதில் இருக்கட்டும். பிறகு மூன்று பந்துக்கு வீடியோ எடுத்து, வீட்டு வீடியோவோடு ஒப்பிடுங்கள். பந்து இருக்கும்போது எது மாறுகிறதோ அதுதான் அடுத்த வாரக் கேள்வி.

இன்னொன்று, மலையில் பழகியவர்களுக்கு. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிது, பந்து கூடுதலாகப் பறக்கும். சமவெளியில் போய் ஆடும்போது அதே 7 அயர்ன் நாலைந்து மீட்டர் முன்னாலேயே விழுந்தால் ஸ்விங் கெட்டுவிட்டது என்று பதறி ஓங்கி அடிக்கப் பார்க்காதீர்கள். மருமகன் செட்டிபாளையத்தில் அதைத்தான் செய்தான். அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது வீடியோவைப் பார்த்தோம். இடது முழங்கை மறுபடி குடத்தைத் தூக்கியிருந்தது. "இது நான்தான் மாமா" என்றான்.